நள்ளிரவில் வந்துபோன ஃபெர்ம்வேர் பிரிவுக்கு

அனுப்புநர்: சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில் குடியிருந்து, மாதாமாதம் தேதி தவறாமல் பில் கட்டும் வாடிக்கையாளர்.

பெறுநர்: உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள், ஃபெர்ம்வேர் பிரிவு, எங்கள் இணையச் சேவை நிறுவனம்.

பொருள்: என்னைக் கேட்காமலேயே என் வீட்டு ரூட்டரை முன்னேற்றியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: அப்டேட் குறித்துத் தாங்கள் அனுப்பாத குறுஞ்செய்தி, நாளிடப்படாதது.

ஐயா,

போன வாரம் ஒரு நள்ளிரவில் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதாக அறிகிறேன். கதவைத் தட்டித் தூக்கத்தைக் கெடுக்காத பெருந்தன்மைக்கு முதல் நன்றி. என்னதான் மாற்றினீர்கள் என்று தேடியதில், "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரி கிடைத்தது. பொய் இல்லை. நெட் வராத நிலை அன்று காலையிலிருந்து ரொம்பவும் நிலையாக இருந்தது.

எங்கள் வீட்டில் வைஃபைக்கு இரண்டு பெயர் வைத்திருந்தோம். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், வேகம் குறைவு, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டி வாசல் வரை போகும். மற்றது 5, ஹாலில் பறக்கும், கான்கிரீட் சுவரைக் கண்டால் படுத்துவிடும். இந்த இரட்டைப் பெயர் தங்கள் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். இரண்டையும் அழித்துவிட்டு, ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் பெயரையே ஒன்றாகச் சூட்டியிருக்கிறீர்கள். எந்தக் கருவி எந்த அலைவரிசையில் உட்கார வேண்டும் என்பதை இனி ரூட்டரே தீர்மானிக்குமாம். நல்லது. வாசல் கேமராவுக்கு 2.4 தவிர வேறொன்றும் தெரியாது என்பதை மட்டும் ரூட்டரிடம் யாரும் சொல்லவில்லை. அதன் செயலியோ, அமைக்கும்போது போனும் 2.4-இல் இருந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்கிறது. பெயர் ஒன்றாகிவிட்டதால் போன் ஓடிப்போய் 5-இல் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் மாடிப்படியில் பாதி இறங்கி, 5 அறுந்து 2.4 மட்டும் எட்டும் படியில் நின்றுகொண்டு கேமராவைச் சேர்த்தேன். எதிர்வீட்டு மாமி காய்கறிப் பையோடு மேலே வந்தவர், "டவர் கிடைக்கலையா?" என்றார். முன்னேற்றம் நடக்கிறது மாமி என்றேன்.

பிரிண்டர் கதை தனி. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தாங்கள் இயக்கிவிட்டுப் போனது மெச்சத்தக்கது. அதற்கு முந்தைய காலத்து எங்கள் பிரிண்டருக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தவறு, தவறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. டபிள்யூபிஏ2-வுக்குத் திருப்பிய பிறகுதான் பேப்பரை விழுங்கியது.

அடுத்தது சேனல். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே மூன்று. அடுக்குமாடியில் நாலு பக்கச் சுவருக்கும் கூரைக்கும் அப்பால் ஆளுக்கொரு ரூட்டர். அதனால் பக்கத்து வீடுகளைச் செயலியில் பார்த்து, கூட்டம் குறைந்த 11-இல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒதுங்கியிருந்தோம். தாங்கள் அதை "ஆட்டோ" ஆக்கி, அகலத்தையும் 40-க்கு விரித்துவிட்டீர்கள். ஏற்கெனவே நெரிசலான இடத்தில் காலை அகட்டி உட்கார்ந்தால் யாருக்குத்தான் வேகம் வரும்?

இனி தங்கள் வாடிக்கையாளர் சேவை மையம். போனை எடுத்தவுடன், "மேடம், வீட்ல சார் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள். சார் இருக்கிறார், அவருக்கு ரூட்டர் எந்த அறையில் இருக்கிறது என்பதே தெரியாது என்று சொன்னதும், ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். செய்தேன். பிறகு ஊக்கின் முனையால் பின்பக்கத் துளையை 10 நொடி அழுத்தச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் மிச்சமிருக்கும் அமைப்புகளும் போய்விடுமே என்றேன். "ஆமா மேடம், ஃப்ரெஷ்ஷா வரும்" என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த தாளில் ஃபெர்ம்வேர் என்ற சொல்லே இல்லை போலிருக்கிறது.

மறுநாள் டெக்னீஷியன் வந்தார். லேப்டாப்பில் லேன் கேபிளைச் செருகி, வேகத்தை அளந்து காட்டி, "எங்க சைடு க்ளியர் மேடம். வைஃபை உங்க சைடு" என்றார். ஐயா, இதுதான் எனக்கு விளங்கவில்லை. அமைப்பை மாற்றும்போது ரூட்டர் உங்கள் சைடு; மாற்றியது பழுதானால் என் சைடு. வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஓனர் பீரோவைத் திறந்து துணியெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, "அடுக்குறது உங்க வேலை" என்று போன மாதிரி இருக்கிறது. ஓனராவது சாவியைத் திருப்பித் தருவார். எனக்குத் தாங்கள் கொடுத்த லாகினில் பாதி மெனுவே தெரிவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தம் போட்டுப் பழுதானவை, தெரிந்தது, சரிசெய்தோம். சத்தமே போடாமல் ஒன்று மாறியிருந்தது. குழந்தைகள் கண்டதையும் திறந்துவிடக் கூடாது என்று தளப் பெயர்களைத் தேடித்தரும் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3 என்ற முகவரியைப் போட்டு வைத்திருந்தேன். ஆபாசத் தளங்களையும் தீம்பொருள் தளங்களையும் அது வடிகட்டும். தாங்கள் அதை அழித்துவிட்டுத் தங்கள் சொந்த டிஎன்எஸ்ஸை வைத்திருக்கிறீர்கள். நெட் எப்போதும்போல ஓடியது, ஒரு விளக்கும் சிவக்கவில்லை. பிரிண்டருக்காக மெனுவைக் குடையாவிட்டால் இது என் கண்ணில் பட்டிருக்காது. நான் அணைத்து வைத்திருந்த, பாஸ்வேர்டு கேட்காமல் கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானும் பழையபடி இயங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்காக வந்த அப்டேட், நான் போட்டிருந்த பூட்டுகளைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறது.

அப்டேட்டே வேண்டாம் என்பவள் அல்ல நான். 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் படையாகத் திரட்டியது. 2017 அக்டோபரில் பெல்ஜியத்து ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப், டபிள்யூபிஏ2-விலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார். அப்டேட் இல்லாமல் இத்தகைய ஓட்டைகளை அடைக்க முடியாது, தெரியும். ஆனால் 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு முடங்கியதையும் தாங்கள் அறிவீர்கள். மிராயின் வாரிசு ஒன்று தட்டியது 7547 என்ற வாயிலை. நிறுவனங்கள் தொலைவிலிருந்து ரூட்டரைப் பராமரிக்க வைத்திருக்கும் வாயில் அது. தாங்கள் ராத்திரியில் வரும் வழியும் அந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். ஆகவே அந்தக் கதவு விஷயத்தில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் அக்கறை இருப்பது நல்லது.

என் கோரிக்கை பெரிதல்ல. வருவதற்கு முதல் நாள் ஒரு குறுஞ்செய்தி. வந்துபோனபின், எந்தெந்த அமைப்பை மாற்றினீர்கள் என்று மனிதர் படிக்கும் தமிழில் ஒரு பட்டியல், "நிலைத்தன்மை" வேண்டாம். நான் கையால் வைத்த பெயர், பாஸ்வேர்டு, சேனல், டிஎன்எஸ் ஆகியவற்றில் கைவைக்காதிருத்தல். சரிவராவிட்டால் பழைய ஃபெர்ம்வேருக்கே திரும்ப ஒரு பொத்தான். இவை முடியாதென்றால், அடுத்த முறை வரும்போது என்னை எழுப்பிவிடுங்கள். காபி போட்டுத் தருகிறேன், பக்கத்திலேயே உட்கார்ந்து எது எங்கே இருந்தது என்று சொல்லவும் செய்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சைடில் இல்லாத வாடிக்கையாளர்

நகல்: எங்கள் குடியிருப்பில் சேனல் 6-இல் வசிக்கும் அனைவருக்கும்.
இணைப்பு: தற்சமயம் உள்ளது.