கூட்ஸ் வண்டி எண்ணுவோர் மரபு: செங்கல்பட்டை முன்வைத்து

மூடிய ரயில்வே கேட்டின் முன்னால் நிற்கும் தமிழர், கடந்து போகும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுகிறார். யாரும் எண்ணச் சொல்லவில்லை. எண்ணி முடித்த கணக்கை யாரிடமும் ஒப்படைக்கப் போவதுமில்லை. ஆனாலும் எண்ணுகிறார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முறைக்கிறார். எதற்கெல்லாமோ முனைவர் பட்டம் கொடுத்துவிட்ட நாட்டில் இவரைப் பற்றி ஓர் ஆய்வேடு கண்ணில் படவில்லை. அந்தக் குறையைப் போக்கும் பொருட்டே இக்கட்டுரை.

முதலில் ஆய்வுக்களம். சென்னை–விழுப்புரம் பாதையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்கு ஒரு கிளை பிரியும் இடம் செங்கல்பட்டு சந்திப்பு. வடக்கிலிருந்து வரும் சரக்கு, சென்னை நெரிசலுக்குள் தலையைக் கொடுக்காமல் தெற்கே இறங்க இது தோதான வழி. ஆகவே பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத் என்று போகும் அந்தக் கிளையின் கேட்டுகளில் பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. மெயின் லைன்காரர்கள் எக்ஸ்பிரஸையும் மின்சார ரயிலையும் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்பதால் அவர்களை இவ்வாய்வில் சேர்க்கவில்லை.

இத்துறைக்கு மூலநூல் இல்லை. வாய்வழக்காக இருப்பதைச் சுருக்கி நானே ஒரு நூற்பா யாத்திருக்கிறேன்:

முன்னது எண்ணார், பின்னது விடார்,
இடையது தவறினும் குற்றம் இன்றே.

இனி உரை. முன்னது என்றது எஞ்சினை. இரண்டு எஞ்சின் பூட்டி வந்தாலும் இரண்டுமே கணக்கில் சேரா. பின்னால் இருந்து தள்ளும் எஞ்சினுக்கு என்ன விதி என்று மலைப்பாதைக்காரர்கள் கேட்கக்கூடும். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள குன்றுகள் தண்டவாளத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பவை. அந்தக் கேள்விக்கு இங்கே வேலையில்லை.

இடையது என்றது பெட்டிகளை. மேலே திறந்திருக்கும் பாக்ஸ்என் வகைப் பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 10.7 மீட்டர், முழுச் சுமையோடு 81 டன். ஒரு முழு ரேக்கில், அதாவது ஒரு வண்டித் தொடரில், வழக்கமாக 58 பெட்டிகள். அது என்ன 58 என்று கேட்பவர்கள் நிலையத்தின் லூப் லைனைப் போய்ப் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க கூட்ஸுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 700 மீட்டர்தான். வண்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது சுரங்கமும் அல்ல, எஞ்சினும் அல்ல, ஒதுங்க இருக்கும் இடம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நொடிக்கு ஒரு பெட்டி கடக்கும். இங்கேதான் எண்ணுவோரின் வீழ்ச்சி தொடங்குகிறது. இருபது வரை நாக்கு ஓடும். அதன்பின் நாற்பத்தெட்டைச் சொல்லி முடிப்பதற்குள் நாற்பத்தொன்பது பாதி போயிருக்கும். கடைசியில் கேட்டடியில் நடக்கும் கருத்தரங்கு பெரும்பாலும் இப்படி முடிகிறது:

“ஐம்பத்தெட்டு.”

“இல்லண்ணே, ஐம்பத்தொம்பது.”

“கார்டு டப்பாவையும் சேர்த்துட்டியா தம்பி?”

தம்பி பதில் சொல்வதில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் கிக்கரை உதைக்கிறார்கள்.

இதையெல்லாம் வெட்டிவேலை என்பவர்களுக்கு ஒரு தகவல். ரயில்வேயும் இதே வேலையைத்தான் செய்கிறது. தண்டவாளத்தோரம் பொருத்தியிருக்கும் ஆக்சில் கவுண்டர் என்ற கருவி, ஒரு பகுதிக்குள் நுழையும் அச்சுகளையும் அங்கிருந்து வெளியேறும் அச்சுகளையும் எண்ணிக் கழித்துப் பார்க்கிறது. 58 பெட்டிக்கு 232 அச்சு. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போனால்தான் பாதை காலி என்று பொருள். ஒன்று குறைந்தாலும் அடுத்த வண்டிக்கு அனுமதி கிடையாது. கருவிக்கும் நம்மவருக்கும் உள்ள வேறுபாடு, கருவியிடம் யாரும் குறுக்கே பேச்சுக் கொடுப்பதில்லை என்பதே.

கேட்டடியாருக்கு எதிராகக் கொளவாய் ஏரிக்கரையார் என்று ஒரு பிரிவு உண்டு. கரையில் நின்று, ஊர்ந்து வரும் வண்டியைத் தலை முதல் வால் வரை ஒரே பார்வையில் பார்ப்பவர்கள். எண்ணுவதை இழிவாகக் கருதுபவர்கள். தள்ளி நின்று பார்ப்பது படம் பார்ப்பது போலத்தான் என்பது கேட்டடியார் மறுப்பு. அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கேட் அருகே நின்றால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், வண்டி காலியா சுமையா என்று. காலிப் பெட்டி தகர டப்பாவாகக் குலுங்கும். சுமைப் பெட்டியில் சத்தம் அடங்கி, அதிர்வு செருப்பைத் தாண்டி முழங்காலுக்கு ஏறும். குனிந்து பார்த்தால் ஒவ்வோர் அச்சுக்கும் தண்டவாளம் இம்மியளவு அமிழ்ந்து எழுவது தெரியும். அச்சுக்கு 20 டன் ஏறி இறங்குகிறதே.

இத்துறையில் முதுநிலைப் பாடம் இரும்புத் தாது. செங்கல்பட்டார் அதில் சற்றுப் பின்தங்கியவர்கள். அது அவர்கள் குற்றமல்ல. பெல்லாரி–ஹொஸ்பேட் தாது செங்கல்பட்டைத் தொடாமல் ரேணிகுண்டா வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. 1977-ல் அந்தத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் தாதுவைக் கப்பலேற்றத் தனி இயந்திர அமைப்பே வந்தது. தூசி மாசு பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டதும், 2011-ல் தாதுவும் நிலக்கரியும் அந்தத் துறைமுகத்தை விட்டு வெளியேறின. மக்களின் மூச்சுக்கு நல்லது நடந்தது. எண்ணுவோருக்கு ஏற்பட்ட இழப்பைத் தீர்ப்பில் யாரும் கணக்கெடுக்கவில்லை.

தாது வண்டியைப் பார்க்காதவருக்கு ஒரு குறிப்பு: அது பாதி காலியாகத்தான் வரும். நிலக்கரி விளிம்புக்கு மேலே கும்பமாகத் தெரியும். தாதுவோ பெட்டியின் அடியில் சிவப்பாக, எஜமான் ஏமாந்துவிட்டாரோ என்று தோன்றும்படி கொஞ்சமாகக் கிடக்கும். அதற்கு மேல் ஒரு கூடை போட்டாலும் அச்சு தாங்காது. சும்மா வருகிறது என்று நாம் அலட்சியப்படுத்தும் வண்டி, சுமையின் எல்லையைத் தொட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும்.

மேல்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 ஜூன் 21 அன்று 682 தாதுப் பெட்டிகளை 8 எஞ்சின்கள் இழுத்தன. நீளம் 7.3 கிலோமீட்டர், எடை ஏறத்தாழ ஒரு லட்சம் டன். எஞ்சின் செங்கல்பட்டு நிலையத்தில் நின்றால் வால் பரனூரையும் தாண்டிக் கிடக்கும். நம் வேகத்தில் அது கேட்டைக் கடக்கப் பதினோரு நிமிடம். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மா கூடையையே காலி செய்துவிடுவார். நம் நாட்டுச் சான்று வேண்டுமென்றால் 2022 ஆகஸ்ட் 15 அன்று சத்தீஸ்கரில் ஓடிய சூப்பர் வாசுகி: 295 பெட்டி, 27,000 டன் நிலக்கரி, மூன்றரை கிலோமீட்டர். இவற்றை முழுதாக எண்ணியதாக எந்த அண்ணன் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இங்கே மாமல்லபுரத்தார் எழுப்பும் தடையைக் குறிப்பிட்டாக வேண்டும். அவர்களுக்கு ரயிலே கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் பாதை வருகிறது என்ற அறிவிப்பு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. எனினும் எடையைப் பற்றிப் பேச எங்களுக்கும் தகுதி உண்டு என்கிறார்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைப் பாறை சுமார் 250 டன் என்பார்கள். 1908-ல் ஆளுநர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அது அசையவில்லை என்பது அவ்வூர்க் கதை. கணக்குப் போட்டால் அது மூன்று சுமைப் பெட்டி, அவ்வளவுதான். தவிர, அசையாத பொருளை ஒன்று என்று எண்ணிவிட்டால் ஆய்வு முடிந்துபோகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

பின்னது விடார் என்பதற்கு வருவோம். ஐம்பதைத் தவறவிட்டவரும் கடைசிப் பெட்டியைத் தவறவிட மாட்டார். ரயில்வேயும் அப்படித்தான். வால் பக்கம் எல்.வி. என்ற பலகையோ சிவப்பு விளக்கோ இருக்கிறதா என்று பார்ப்பது நிலைய ஊழியரின் கடமை. இல்லையென்றால் வழியில் எங்கோ இணைப்பு அறுந்து பாதி வண்டி தங்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். கேட் கீப்பரும் கொடியோடு வெளியே வந்து, அச்சு சூடேறிப் புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று வண்டி முழுதையும் பார்த்தாக வேண்டும். வேடிக்கை பார்க்கச் சம்பளம் வாங்கும் பாக்கியவான்கள் அவர்கள்.

ஆனால் களம் சுருங்கி வருகிறது. அகலப்பாதையில் ஆளில்லாத கேட்டுகள் 2019-க்குள் ஒழிக்கப்பட்டன. ஆளுள்ள கேட்டுகளும் சுரங்கப்பாதைகளாகி, மழைக்காலத்தில் குளங்களாகின்றன. சில வண்டிகளில் கார்டு டப்பாவே இல்லை, வாலில் ஒரு கருவி மட்டும் மினுக்குகிறது. அதற்குக் கையசைக்கலாமா என்பதில் அறிஞர்கள் பிளவுபட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, 2022-ல் கார்டு என்ற பதவியை ரயில்வே டிரெயின் மேனேஜர் ஆக்கிவிட்டது. மேனேஜருக்குக் கையசைப்பது மரியாதையில்லை, வணக்கம்தான் வைக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள்; இளையவர்கள் வழக்கம்போல் விசிலடிக்கிறார்கள். கேட் திறந்த பிறகும் இந்த விவாதம் தொடர்வது பற்றி, பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர் தெரிவித்த கருத்து அச்சிடத் தக்கதாக இல்லை.