மடிப்புக்கு மரியாதை

மனிதர் முகத்தில் கோடு விழுந்தால் மவுசு குறையும். பழைய ஹாலிவுட் போஸ்டரில் கோடு விழாவிட்டால்தான் சந்தேகம். 1980களுக்கு முன்பு 27க்கு 41 அங்குலப் போஸ்டர்கள் பெரும்பாலும் மடித்தே தியேட்டருக்குப் போயின. 1942ஆம் ஆண்டு ‘காஸபிளாங்கா’ போஸ்டர் மடிப்பே படாமல் விறைப்பாக நின்றால், விற்பவரின் வாயைவிடக் காகிதத்தை நம்புங்கள்.

போலி அடிப்பவரும் லேசுப்பட்டவர் அல்ல. அசலைப் படமெடுத்து, மடிப்பையும் சேர்த்தே அச்சடித்துவிடுவார். கண்ணுக்குக் கோடு தெரியும்; விரலை வைத்தால் வழவழ. பூதக்கண்ணாடி பிடித்தால், கூராக இருக்க வேண்டிய சின்ன எழுத்துகள்கூட மசமசவென்று புள்ளிகளாகச் சிதறும்.

மறுவெளியீட்டுப் போஸ்டர்தான் பாவம், சூதுவாது தெரியாத பிறவி. போஸ்டர் விநியோக நிறுவனமான நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் வழியே போனதென்றால், கீழ் ஓரத்து எண்ணுக்கு முன்னால் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைப் பெரும்பாலும் தாங்கி நிற்கும். ‘ஆர் 49’ என்றால் 1949இல் மறுபடி வந்தேன் என்று வாக்குமூலம். விற்பனைக்கு வரும்போது சிலவற்றில் அந்த மூலை மட்டும் கிழிந்திருக்கும். எலி கடித்ததாம். அமெரிக்க எலிகளுக்கு வாசிக்கத் தெரியும் போலிருக்கிறது.