கமா அண்ணன்

கட்டுரையை நீட்டினால் முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டார். தாள்கட்டை அப்படியே புரட்டிப்போட்டு, உருதுப் பத்திரிகை படிப்பவரைப்போலக் கடைசித் தாளிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு நிமிடம் சத்தம் இருக்காது. அப்புறம் ஒரு "ப்ச்" வரும். மூன்று வருஷ ஆய்வு அந்த ஒரு "ப்ச்"சில் ஆட்டம் கண்டுவிடும்.

இப்படி ஒருவர் இல்லாத பல்கலைக்கழகத் துறை கிடையாது. ஓரிடத்தில் உதவிப் பேராசிரியராக இருப்பார், இன்னோரிடத்தில் ஏழாவது வருஷ ஆய்வு மாணவராக இருப்பார். எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் ஏபிஏ என்கிற அமெரிக்க உளவியல் சங்க மேற்கோள் முறையில் இதழின் தொகுதி எண் சாய்வெழுத்து, அதையொட்டி அடைப்புக்குறிக்குள் வரும் இதழ் எண் நேரெழுத்து என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அடைப்புக்குறி சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் திரையை இருநூறு சதவீதம் பெரிதாக்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

நான் அவரிடம் முதன்முதலில் மாட்டியது பக்க எண்ணில்.

"தம்பி, நாப்பத்தஞ்சுக்கும் அம்பதுக்கும் நடுவுல என்ன போட்டிருக்க?"

"கோடுண்ணா."

"அது ஹைபன். இங்க வரவேண்டியது என் டேஷ்."

"உங்களுதாண்ணா?"

அவர் சிரிக்கவில்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0150 தட்டச் சொன்னார். தட்டினேன். கோடு ஒரு நூலளவு நீண்டது. அந்த நூலளவுக்காக என் மேற்கோள் பட்டியலில் இருந்த அறுபத்திரண்டு இடங்களையும் அன்று இரவு மாற்றினேன். என் மடிக்கணினியில் எண்பலகை கிடையாது.

சந்தோஷமாக இருக்கும் நாட்களில் தலபுராணம் சொல்வார். பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்தை 1881-இல் தொடங்கிவைத்தவர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்கிற ஹார்வர்ட் விலங்கியலாளர் என்றும், அந்தக் கட்டுரை ஓடில்லாத நத்தையின் முட்டையைப் பற்றியது என்றும் சொல்லி நிறுத்துவார். "நத்தைய ஆராய்ஞ்சவன் ஆரம்பிச்சதுடா, அதான் இந்த வேலை இந்த வேகத்துல நடக்குது." ஏபிஏ 1929-இல் ஏழே பக்கத்தில் முடிந்த சமாச்சாரம், இன்று நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லும்போது, பேரன் பேத்தி எடுத்தவரின் பூரிப்பு முகத்தில் தெரியும்.

அவர் துக்கம் அனுசரித்த ஆண்டு 2019. ஏபிஏ ஏழாம் பதிப்பு வந்து, பதிப்பகத்தின் ஊரைப் போட வேண்டாம் என்றது. இருபது வருஷமாக ஊர் போடாத பிள்ளைகளைத் திட்டியவர், இனி ஊர் போட்ட பிள்ளைகளைத் திட்ட வேண்டும். ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு புது உற்சாகத்தோடு வந்தார். "சரி, ஊரை எடுத்துடுவோம். திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்துல எதை எடுக்கச் சொல்றான்? பேரே ஊர்ல இருந்துதான ஆரம்பிக்குது?" நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பதில் சொல்ல ஆளில்லை.

நம் பெயர்கள்தான் அவருக்குத் தீராத தலைவலி. குடும்பப் பெயரை முதலில் போடு என்கிறது விதி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? மென்பொருளிடம் விட்டால் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உ.வே. சாமிநாதையரை ஆங்கிலத்தில் 'ஐயர், யு.வி.எஸ்.' என்று எழுதி, ஐ வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். "பதிப்பாளருக்கு ஊர் கூடாதாம். இவரு இனிஷியல்ல உத்தமதானபுரமே இருக்கு, அது பரவாயில்லையாம்" என்று முனகுவார். இன்னும் மோசம், இணையப் படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடும் நம் பிள்ளைகள். பிள்ளை எழுதியதெல்லாம் அப்பா பெயரில் மேற்கோளாகும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எத்தனையோ தகப்பன்மார் இன்று மண்ணியலிலும் நானோ தொழில்நுட்பத்திலும் மேற்கோள் காட்டப்படுகிறார்கள். மேற்கோள் எண்ணிக்கையில் சில பேராசிரியர்களையே முந்தியிருப்பார்கள்.

ஆண்டு விஷயத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும். ஒரு மாணவி திருவள்ளுவர் ஆண்டை அப்படியே எடுத்துப் போட்டுவிட, '2040-இல் வரப்போகும் நூலை எங்கே படித்தீர்கள்?' என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். அண்ணன் முப்பத்தொன்றைக் கழித்து 2009 என்று திருத்தினார். இன்னொரு முறை ஒரு பழைய நூல். முகப்பில் 'சுபானு வருஷம்' என்பதோடு சரி. அறுபது வருஷச் சுழற்சியில் அது 1883-ஆகவும் இருக்கலாம், 1943-ஆகவும் இருக்கலாம், 2003-ஆகவும் இருக்கலாம். விலை அணாவில் இருந்ததால் 2003 போயிற்று. மற்ற இரண்டில் எது? ஒரு மத்தியானம் முழுக்கச் சோறு தின்னாமல் அந்தப் புத்தகத்தைப் புரட்டினார். பின்னட்டையின் உள்பக்கத்தில் ரேடியோ பெட்டி விளம்பரம் இருந்தது. "நாப்பத்து மூணு!" என்று அவர் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது.

அந்த நூல் எதைப் பற்றியது என்று கேட்டேன். அதை அவர் பார்க்கவில்லை.

இதுதான் அவரிடம் எனக்கிருந்த வருத்தம். முப்பது வருஷத்தில் எத்தனையோ கட்டுரைகளைக் கடைசிப் பக்கம் வழியாகவே தெரிந்துவைத்திருந்தார். வீட்டுக்குள் வராமல் செருப்பை மட்டும் எண்ணிவிட்டுப் போகிறவர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்போம்.

போன வருஷம் ஒரு தம்பி கட்டுரையோடு வந்தான். வழக்கம்போல் அண்ணன் புரட்டிப்போட்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று, "ப்ச்" வரவில்லை. பத்து நிமிடம். முப்பத்து நான்கு மேற்கோளும் சுத்தம். சாய்வு சரி, கமா சரி, என் டேஷ் சரி, கட்டுரையின் இணைய அடையாள எண்ணான டிஓஐ முடிவில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது என்பதுகூடச் சரி. பையனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அண்ணனுக்கு வியர்த்தது.

"தம்பி, நம்ம பசங்க எவனும் இவ்வளவு சரியா கமா போட மாட்டானே?"

ஒவ்வொரு டிஓஐயாகத் தட்ட ஆரம்பித்தார். மூன்றாவது, இறால் பண்ணை பற்றிய கட்டுரைக்குப் போனது. ஐந்தாவது எங்குமே போகவில்லை. ஆசிரியர் இருந்தார், இதழ் இருந்தது, தொகுதி இருந்தது. அந்தத் தொகுதியில் அந்தக் கட்டுரை மட்டும் இல்லை. மாலைக்குள் கணக்கு முடிந்தது. ஒன்பது மேற்கோள்கள் உலகத்திலேயே கிடையாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கியதாகப் பையன் ஒப்புக்கொண்டான். கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து படித்து "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லியிருந்த நெறியாளர் உட்பட எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அன்றிலிருந்து பட்டியலில் பிழையே இல்லையென்றால் அண்ணன் தாளைத் தொடுவதில்லை. நீங்கள் அவரிடம் போவதாக இருந்தால், எங்காவது ஒரு கமாவை விட்டுவிட்டுப் போங்கள்.