உப்பைத் தின்ற நட்டு

கிச்சனர், ஒண்டாரியோ

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

போனில் பேசும்போது, "என்ன மாப்ள, பின்னாடி யாரு டிராக்டர் ஓட்டறது?" என்று கேட்டீர்களே, அது எங்கள் பழைய வேன்தான். விவரத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

நோய் சின்னது. சைலன்சருக்கு முன்னால் குழாயும் குழாயும் சேரும் இடத்தில் கேஸ்கெட் கருகிவிட்டது. உங்கள் நாமக்கல் பட்டறையில் என்றால், வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் பையன் மாற்றிவிடுவான். இங்கே கேஸ்கெட் விலை அற்பம்; கூலிதான் மணிக்கு 100 டாலருக்கு மேல். அதிலும் இந்த ஊர்ப் பட்டறைக்காரர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போல்ட் உடைந்தால் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது" என்று கையை விரித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டே ஓட்டுகிற குளிரில் கார்பன் மோனாக்சைடு கசியும் குழாயை அப்படியே விடவும் முடியாது. பட்டறை வீட்டு மருமகன் என்ற ரோஷத்தில் நானே வண்டிக்கு அடியில் படுத்தேன்.

உப்புக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தூத்துக்குடியில் வெயிலில் விளைகிற சாமானை இங்கே நன்னீர் ஏரிக்கு அடியில் தோண்டுகிறார்கள். ஹ்யூரான் ஏரிக்குக் கீழே சுமார் 550 மீட்டர் ஆழத்தில் இருக்கும் காட்ரிச் சுரங்கம்தான் உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமாம். குளிர்காலம் வந்தால் பனி உருக அதை ரோட்டில் கொட்டுகிறார்கள். கனடா முழுக்க ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன்! சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று 2001-லேயே மத்திய அரசின் ஆய்வு சொல்லிவிட்டது. என் நட்டுக்காகப் பரிந்து பேச மட்டும் ஓர் ஆய்வும் இல்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது இந்த நாட்டில் நட்டும் போல்ட்டும்தான். ரோட்டு உப்பில் துருவேறி, பிடித்த இடத்தை விடுவதே இல்லை. ஓடும்போது கொதிசூடு, நிறுத்தினால் உறைகுளிர். மேல்பூச்சு எரிந்துபோய் போல்ட் அம்மணமாக நிற்கிறது. குழாய்க்கு உள்ளேயும் ஈரம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது; பால் வாங்கக் கடைக்குப் போய்வரும் தூரத்தில் குழாய் அதை உலர்த்துமளவுக்குச் சூடாவதில்லை.

13 சைஸ் நட்டு என்கிறது புத்தகம். துரு தின்றது போக எந்த சைஸிலும் சேராத ஓர் உருண்டைதான் மிச்சம். இங்கே மலிவாகக் கிடைக்கிற பன்னிரண்டு முனை சாக்கெட் அதன்மேல் வழுக்கிச் சுற்றியது. நீங்கள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைப்பீர்கள், இங்கே ஸ்ப்ரே. எல்லோரும் கை நீட்டிக் காட்டுகிற டபிள்யூடி-40, 1953-ல் ஏவுகணையின் உடம்பில் ஈரம் படாமல் காக்கத் தயாரித்தது. துரு வருவதற்கு முன்னால் நல்ல காவல்காரன். குடியேறிவிட்ட துருவை வெளியேற்ற அவன் ஆள் இல்லை.

நெருப்பு வைத்து நட்டைச் சிவக்கவிட்டால் இளகும் என்பது உங்கள் கடையில் கற்றது. ஆனால் அரை அடி தள்ளி பெட்ரோல் குழாய். நான் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்ததும், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற லாரி டிரைவர் தீயணைப்பு சிலிண்டரோடு வந்து நின்றுகொண்டார். வாயே திறக்கவில்லை. அவர் நின்ற தோரணையே என்னை டார்ச்சை அணைக்க வைத்தது. பிறகு வீட்டுக்குள் போய் ஆங்கிள் கிரைண்டரை எடுத்து வந்தார்.

"வெட்டு."

மாமா, ஒவ்வொரு போல்ட்டையும் கழுவி ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டு வைக்கிற பட்டறையில் வளர்ந்தவன் நான். முழு நட்டை வெட்டி எறிவது சோற்றைக் கொட்டுகிற பாவமாகவே பட்டது. அவருக்கோ புகைக்குழாய் நட்டு என்பது கேஸ்கெட்டைப் போலவே ஒருமுறை போட்டு எறிகிற சாமான். மணிக்கு 100 டாலர் கூலி இருக்கிற ஊரில் அவர் கணக்குத்தான் சரி, மனசுதான் ஒப்பவில்லை. பொறி பறந்தது, சில நிமிடங்களில் இரண்டு போல்ட்டும் தரையில். புதிதாக ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு, மரையில் செப்புப் பசை தடவியிருக்கிறேன். அடுத்தவனாவது ஸ்பேனரால் கழற்றட்டும்.

வெட்டிய துண்டுகளை வீசவில்லை. டப்பாவில் இருக்கின்றன. திட்டாதீர்கள், நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான்.

தம்பி ஆகஸ்டில் வரும்போது உங்கள் பழைய ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் செட்டைக் கொடுத்தனுப்புங்கள். பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. ஊறுகாய் ஒரு பாட்டில் குறைந்தாலும் பரவாயில்லை. அத்தையிடம் மட்டும் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்