பெட்டிக்கு வந்த சந்தேகம்

லண்டனில் யன்னல் துடைக்கிறவர் என்றால் ஏணியும் வாளியும்தான் என்று நினைப்பவர்கள், என் அத்தானின் வேனுக்குள் ஒருக்கா எட்டிப் பார்க்கவேண்டும். 400 லீற்றர் தொட்டி, 12 வோல்ட் பம்ப், சுருள் சுருளாக ஹோஸ், மூன்றாம் மாடி வரை நீளும் கார்பன் கம்பம், நுனியில் பிரஷ். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எந்த வீட்டுக் கேத்திலைத் திறந்தாலும் தெரியும். தண்ணீரை, அதில் கரைந்திருப்பதை அளக்கும் மீற்றர் பூச்சியம் காட்டும்வரை வடிகட்டினால், துடைக்காமலே கண்ணாடி கறையின்றிக் காயும். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுப் பார்த்த அக்கா, "சப்பெண்டு கிடக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டா.

இத்தனைக்கும் அதிகாரி, பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி. பம்பின் வேகம் அதன் கையில். வீட்டு யன்னலுக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் தாராளம். ஊத்தையைத் தேய்ப்பது பிரஷ், தண்ணீர் அலசிவிடும், அவ்வளவுதான். அத்தானோ யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் துலாவால் அள்ளி ஊற்றிக் குளித்து வளர்ந்தவர். "கூட்டிவிடு தம்பி, இன்னும் கூட்டு!" மத்தியானத்துக்குள் தொட்டி காலி, பற்றரி படுத்துவிடும். வீட்டுக்காரரின் ரோசாப் பாத்தி மட்டும் வெள்ளத்தில் நிற்கும்.

பெட்டியின் குணம் தெரிவது வால்வை மூடும்போதுதான். ஹோஸில் அழுத்தம் ஏற, பம்ப் இழுக்கும் மின்சாரமும் ஏறும். அதை வைத்துப் பெட்டி 'வழி அடைபட்டது' என்று ஊகித்துப் பம்பை நிறுத்தும். எந்த அளவில் சந்தேகப்படலாம் என்று நாங்கள்தான் எண் கொடுக்கவேண்டும். எண் கூடினால், வால்வு மூடியிருந்தாலும் தள்ளிக்கொண்டே நின்று இணைப்பைக் கழற்றிவிடும். குறைந்தால், சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் மாமா மாதிரி, ஒன்றுமில்லாததற்கெல்லாம் நின்றுவிடும்.

சனவரிக் குளிரில் ஹோஸ் விறைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெட்டியின் திரையில் 'டி.ஈ.' ('டெட் எண்ட்', அதாவது வழி அடைப்பு) என்று இரண்டே எழுத்து. ஹோஸ் மடிந்தாலும் அதே எழுத்து, வேன் சில்லு ஏறி நின்றாலும் அதே எழுத்து. அத்தான் கம்பத்தை மதிலில் சாத்திவிட்டு வேனுக்கு ஓடிவருவார். "மூடேல்லையடா, திறந்துதான் கிடக்கு!" என்று பெட்டியோடு வழக்காடுவார். தெருவில் நாயோடு போகிறவர்கள் நடையைத் துரிதப்படுத்துவார்கள்.

போன கிழமையும் இதே வழக்கு. நான் சந்தேக எண்ணை இரண்டு கூட்டினேன். நின்ற கோபத்துக்குப் பழிவாங்க, அத்தான் வேகத்தை நூறுக்கு முறுக்கினார். பம்ப் உறுமியது. சாத்திவைத்த பிரஷ் அந்நேரம் தபால்காரரைப் பார்த்தபடி இருந்தது.