ஹார்ன் அடித்தால் பச்சை விழுமா?

சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டி எதனால் நகர அனுமதி பெறுகிறது என்பதில் உலகில் இரண்டு மதங்கள் உண்டு. ஹார்ன் மதத்தார், 'ஒலி எழுப்பினால் பச்சை விழும்' என்பர். எடை மதத்தார், 'சக்கரம் அழுத்தினால் விழும்' என்பர். பழைய தருக்க முறைப்படி முதலில் பரபக்கம், அதாவது பிறர் கட்சி.

ஹார்ன் மதத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய அறிஞர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1928-இல் சார்லஸ் ஆட்லர் என்பவர் காதுள்ள சிக்னலையே நிறுவினார். கம்பத்தில் ஒரு மைக்ரோபோன். குறுக்குச் சாலையில் வருபவர் நின்று ஹார்ன் அடித்தால், அது கேட்டு விளக்கை மாற்றும். ஆக, நம்மவர் நம்பிக்கையில் பிழையில்லை. ஊரும் ஆண்டும்தான் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டன.

எடை மதத்துக்கும் ஆதாரம் உண்டு. அதே காலத்தில், சக்கரம் ஏறினால் அழுந்தும் பட்டைகளைச் சாலையில் பதித்தார்கள்.

இனி சுபக்கம், அதாவது நம் கட்சி. 1960-களில் வந்த முறையில், தாரைச் சதுரமாக அறுத்து, பள்ளத்தில் செம்புக் கம்பியைச் சில சுற்று சுற்றிப் புதைத்து, மேலே கருப்புப் பசை பூசுவார்கள். சாலையோரப் பெட்டி அதில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தும். மேலே உலோகம் வந்ததும் அதில் சுழல்மின்னோட்டம் பிறக்கிறது, சுருளின் மின்தூண்டல் குறைகிறது, அதிர்வெண் கூடுகிறது. 'வண்டி வந்தாயிற்று' என்று பெட்டி முடிவு கட்டுகிறது. எடைக்கு இங்கே வேலையே இல்லை. நூறு கிலோ ஆசாமி அதன்மேல் குதித்தாலும் சுருள் அசையாது. அலுமினிய விளிம்புள்ள சைக்கிளோ, அறுத்த கோட்டின்மேல் சரியாக நின்றால் கண்டுகொள்ளப்படும். எடை மதம் இத்துடன் வீழ்ந்தது.

ஹார்ன் மதத்துக்கு மட்டும் ஓர் எதிர்பாராத உயிர்ப்பு. மும்பைப் போக்குவரத்துப் போலீசார் சில சந்திப்புகளின் சிக்னல்களில் ஒலிமானியைப் பொருத்திச் சோதித்து, 2020 ஜனவரியில் அதை அறிவித்தார்கள். இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டினால், இறங்கிக்கொண்டிருந்த சிவப்பு எண் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்!

ஆகவே ஹார்னுக்கும் சிக்னலுக்கும் தொடர்பு உண்டென்பது ஐயமற நிறுவப்பட்டது. அன்றைய பால்டிமோரில் அடித்தால் பச்சை. மும்பைச் சோதனையில் அடித்தால் இன்னும் சிவப்பு. நேரம் குறித்து ஓடும் சாதா சிக்னலுக்கோ காதும் இல்லை, சுருளும் இல்லை.

சுருள் உள்ள சந்திப்பில் நிற்போருக்கு ஒரு வார்த்தை: காத்திருக்கும் வண்டியை அறியும் சுருள் பெரும்பாலும் நிறுத்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். கோட்டைத் தாண்டி ஜீப்ரா கிராசிங்கில் போய் நிற்கும் வண்டி, சிக்னலின் கணக்கில் வராத வண்டி. ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டு, கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்.