திருமலைக்கு ஒரு திட்டம்

ஆரணியிலிருந்து போளூர் போகும் பக்கம் இருக்கும் திருமலை சின்னப் பாறைக் குன்றுதான். ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் மலையேற்றத் திட்டம் இன்னும் பிரியாணியைத் தாண்டவில்லை. சீரகச் சம்பா எத்தனை படி, கறி எத்தனை கிலோ, கத்திரிக்காய் தொக்கு யார் பொறுப்பு? தண்ணீரைப் பற்றி மூச்சில்லை.

குந்தவை பெயரில் ஜினாலயம் உள்ள மலை அது. அங்கே பாறையில் சுமார் 16 அடி உயரம் நிற்பவர் நேமிநாதர். தம் கல்யாண விருந்துக்கு அடைத்து வைத்த ஆடுமாடுகளின் கதறலைக் கேட்டு, தாலி கட்டாமலே துறவு போனவர் என்கிறது சமண மரபு. அவர் காலடியில்தான் அண்டாவைத் திறப்பதாக ஏற்பாடு.

"சைவமா மாத்திடலாமாண்ணே?" என்றான் ஒரு தம்பி.

"சரிப்பா. பக்தியா போவோம், எல்லாரும் பட்டு வேட்டி கட்டிக்குங்க" என்றார் தறிக்கார அண்ணன். பட்டுப்புழுவைக் கூட்டோடு வேகவைத்துத்தான் நூல் இழுக்கிறார்கள் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.